நடை சாத்திய நாட்களின் கேள்வி

2020 மார்ச் 20 அன்று திருமலையில் வரிசை நின்றது. நாளொன்றுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் நகர்ந்துபோகும் வரிசை அது. மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். உள்ளே நித்திய பூஜைகள் நடந்தன. தரிசனத்துக்குத்தான் ஆள் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பே மெக்காவில் காபாவைச் சுற்றி வலம்வரும் தளத்தைக் கிருமிநாசினி தெளிப்பதற்காகக் காலி செய்திருந்தார்கள். குவைத்தில் பாங்கு சொல்பவர், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய இடத்தில், அவரவர் வீட்டில் தொழுதுகொள்ளுங்கள் என்று அழைத்தார். மார்ச் 27 மாலை ரோமில் மழை. ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்தார்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ஈரானின் கும் நகரில், அந்நாட்டின் முதல் கொரோனா மரணங்கள் பதிவான அதே ஊரில், மார்ச் 16 இரவு பாத்திமா மஸூமா தர்காவின் கதவைச் சாத்தியபோது ஒரு கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் புகுந்தது. சுகம் தரும் சன்னதியை நோய்க்குப் பயந்து மூடுவதா என்பது அவர்களுடைய ஆத்திரம்.

இந்தக் கேள்வியை நம் ஊரிலும் கேட்டார்கள். நாத்திகர்கள் நகைத்துக் கேட்டார்கள்: சாமியால் காப்பாற்ற முடியவில்லை, அதனால்தானே கோயிலைப் பூட்டினீர்கள்? பக்தர்கள் மனம் நொந்து கேட்டார்கள்: துன்பம் வரும்போது போக வேண்டிய இடத்துக்கே போகாதே என்றால் எங்கே போவது? கேட்டவர்கள் எதிரெதிர் ஆட்கள். ஆனால் நோய்க்கு அஞ்சி ஒதுங்குவது நம்பிக்கைக்கு ஏற்பட்ட தோல்வி என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டிருந்தன. அது சரியா என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

நம் கோயில் வழக்கத்திலிருந்தே தொடங்கலாம். நடை சாத்துவது கோயிலுக்குப் புதிதல்ல. கிரகணத்துக்குச் சாத்துகிறார்கள். சன்னதித் தெருவில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை பல ஊர்களில் பூஜை காத்திருக்கும். இறந்தவர் ஏழையா, பணக்காரரா என்று பார்ப்பதில்லை, சாமி காத்திருக்கிறது. அதை யாரும் சாமியின் தோல்வி என்று சொன்னதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை உள்ளூர்க்காரர் வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்பது கிராமத்துக் கட்டுப்பாடு. அம்மை பரவும் கோடையில் ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட எல்லைக்கோடு போலவே அது இருக்கிறது. அந்த நோக்கத்துக்காகவே பிறந்த வழக்கம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் ஒதுங்கி இருப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்பது நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய செய்தியல்ல.

இஸ்லாமிய வரலாற்றில் இந்தக் கேள்வி நேருக்கு நேராகவே எழுந்தது. கி.பி. 639-ஐ ஒட்டிய காலம். கலீபா உமர் சிரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். சர்க் என்ற இடத்தில், முன்னால் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற தகவல் வருகிறது. பலரையும் கலந்து பேசிவிட்டு அவர் திரும்பிவிட முடிவு செய்கிறார். படைத்தலைவர் அபூ உபைதா விடவில்லை: இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா? ஆம், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறேன் என்கிற பொருளில் உமர் பதில் சொன்னார். உன்னிடம் ஒட்டகங்கள் இருக்கின்றன, பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. எந்தப் பக்கம் மேய்த்தாலும் இறைவன் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்று கேட்டார். நோய் பரவிய ஊருக்குள் போகாதே, நோய் வந்த ஊரில் இருந்தால் அங்கிருந்து வெளியேறாதே என்ற நபிமொழி அப்போது நினைவுகூரப்பட்டது. உமர் திரும்பிப்போனார். அபூ உபைதா தம் படையோடு தங்கி, அம்வாஸ் கொள்ளைநோயில் இறந்தார்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அந்த மரபு அவசரப்படவில்லை. இருவரையும் அது மதிக்கிறது. ஒருவர் நோயைச் சுமந்துகொண்டு போகாமல் திரும்பினார்; மற்றவர் தம் ஆட்களை விட்டுவிட்டு ஓடாமல் நின்றார். இருவரும் செய்தது பிறர்பொருட்டே.

ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் மார்ட்டின் லூதரிடம் இதே கேள்வி வந்தது. 1527-இல் விட்டன்பர்க்கில் பிளேக். பல்கலைக்கழகம் ஊரைவிட்டுப் போய்விட்டது. லூதர் கர்ப்பிணி மனைவியோடு அங்கேயே தங்கி, வீட்டையே மருத்துவமனைபோல் ஆக்கினார். பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள், கிறிஸ்தவன் கொள்ளைநோய்க்கு ஓடலாமா என்று கேட்டிருந்ததற்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மேய்ப்பரும் ஊர் அதிகாரியும் நோயாளிக்குப் பொறுப்பானவர்களும் ஓடக் கூடாது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் மற்றவர்கள் போகலாம், பாவமில்லை என்றார். அவருடைய கடுமையெல்லாம் வேறொரு கூட்டத்தின் மேல்: மருந்து வேண்டாம், எச்சரிக்கை வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திரிபவர்கள். அவர்களால் நோய் தொற்றி ஒருவர் இறந்தால் அது கொலைக்குச் சமம் என்றே கருதினார். புகை போட்டு வீட்டைச் சுத்தம் செய்வேன், மருந்து சாப்பிடுவேன், என்னால் ஆகவேண்டிய வேலை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன். ஆனால் அண்டை வீட்டாருக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போவேன் என்பது அவர் எடுத்த நிலை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். ஆக, அஞ்சலாமா என்ற கேள்வி பழையது, பதிலும் பழையது: அஞ்சலாம். 2020-இன் தொடக்க வாரங்களில் சோதனைக்கு உள்ளானது வேறு. அஞ்சிய மனிதன் அடுத்து என்ன செய்தான்?

முதலில் கடைக்கு ஓடினான். பிப்ரவரியிலேயே முகக்கவசம் மருந்துக் கடைகளில் கிடைக்காமல் போனது. கிடைத்த இடத்தில் பல மடங்கு விலை. மார்ச் 21 அன்று மத்திய அரசு தலையிட்டு மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், அதற்கு மேல் விற்கக் கூடாது என்றது. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவி, கறிக்கோழி விலை சரிந்து நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்கள் தவித்துப்போனார்கள். தெருக்களில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாகத் தெளித்தார்கள். வாசல் நிலையில் வேப்பங்கொத்து தொங்கியது. மார்ச் 22, ஞாயிறு மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லத் தட்டும் மணியும் ஒலித்தன; சில நகரங்களில் அதற்காகவே ஊர்வலமாகக் கூடி, ஒதுங்கி இருக்கச் சொன்ன நாளிலேயே நெருக்கியடித்தார்கள். 24 இரவு 8 மணிக்கு நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது, நள்ளிரவில் அமலானது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் மளிகைக் கடைகளின் முன்னால் கூடிய கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வேப்பிலைத் தண்ணீரைக் கேலி செய்வது எளிது. அது வைரஸைக் கொல்லாது என்பது உண்மைதான். ஆனாலும் ஆராய வேண்டியது வேப்பிலையை அல்ல, பதுக்கலை. தேவைக்கு வாங்குவது ஆயத்தம். தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மூட்டையும் அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவர் கைக்கு எட்டாமல் போகிறது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே அச்சத்தோடுதான் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். தனக்காக அஞ்சியவரும் பிறர்க்காகவும் அஞ்சியவரும் கடை வாசலில்தான் பிரிந்தார்கள். அந்த ஊரடங்கில் வீட்டில் இருப்பது சிலருக்கு ஓய்வாக இருந்தது. வீடே இல்லாதவர்களும் வேலையிடத்திலேயே படுத்தவர்களும் மார்ச் 28 அன்று தில்லி ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். பேருந்து கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஒதுங்கி இருப்பதைத் தர்மம் என்று பேசுகிறவர், ஒதுங்க இடமில்லாதவர் கணக்கையும் அதே மூச்சில் பேச வேண்டும். அன்று பேசியவர்கள் குறைவு.

அடுத்ததாக, அஞ்சிய மனிதன் குற்றவாளியைத் தேடினான். இதற்கு வரலாற்றில் மிகக் கொடிய சான்று பிரான்ஸ் எல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க். ஐரோப்பாவில் கறுப்பு மரணம் பரவிக்கொண்டிருந்தது. கிணறுகளில் யூதர்கள் நஞ்சு கலக்கிறார்கள் என்ற புரளி நோயைவிட வேகமாகப் போனது. யூதர்களும் இதே நோயில்தான் சாகிறார்கள், யூதரே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348-இல் ஆணைகளே பிறப்பித்தார். எடுபடவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். அந்த நாளில் நோய் இன்னும் அந்த ஊருக்குள் வரவே இல்லை. வரப்போகிற கொள்ளைநோய்க்கு அந்த நகரம் செய்துகொண்ட முன்னேற்பாடு அது.

அதற்கு முந்தைய ஆண்டு டமாஸ்கஸில் நடந்ததை இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார். மூன்று நாள் நோன்பிருந்த மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தோராவையும், கிறிஸ்தவர்கள் நற்செய்தி நூலையும் கையில் ஏந்திச் சென்றார்கள். இன்றைய சுகாதார அறிவுக்கு அந்தக் கூட்டம் சரியாகப் படாது. ஆனால் பக்கத்தில் நடப்பவனால்தான் இது வந்தது என்று அங்கே யாரும் யாரையும் கொளுத்தவில்லை. நோயின் காரணம் தெரியாத ஒரே காலத்து இரு நகரங்கள் இவை. டமாஸ்கஸின் அறியாமை வேண்டுதலாயிற்று. ஸ்ட்ராஸ்பர்க்கின் அறியாமை கொலையாயிற்று. அறிவியல் வளர்ந்தால் இந்தப் பழி தேடும் குணம் தானே போய்விடும் என்று நினைப்பவர்கள் 2020-ஐப் பார்க்க வேண்டும். வைரஸின் மரபணு வரிசை ஜனவரியிலேயே உலகத்தின் கையில் இருந்தது.

தில்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் வழியாக நோய் பல மாநிலங்களுக்குப் பரவியது உண்மை. தமிழகத்திலும் ஏப்ரல் முதல் வாரங்களின் எண்ணிக்கையில் அவர்கள் பங்கு பெரிது. அந்த நேரத்தில் கூடியது தவறு என்று சொல்வதில் பிழையில்லை. தென்கொரியாவின் டேகு நகரில் ஷின்சோன்ஜி சபையில் நடந்ததும் இதுவே. ஆனால் கூடியதன் பிழை ஒன்று, ஒரு சமூகமே திட்டமிட்டு நோயைப் பரப்புகிறது என்ற அவதூறு வேறொன்று. காய்கறி வண்டிக்காரரின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்காமல் அனுப்பிய தெருக்கள் உண்டு. தமிழக அரசு தன் அறிவிப்புகளில் பெயரைத் தவிர்த்து, ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று என்று குறிப்பிடத் தொடங்கியது. சிறிய திருத்தம், செய்ய வேண்டிய திருத்தம். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டினர்மீது போட்ட வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று கூறியது. தில்லியில் குணமடைந்த ஜமாஅத்தினர் பிறர் சிகிச்சைக்காகப் பிளாஸ்மா கொடுத்தார்கள். தமிழகத்தில் இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, உறவினரே தொடத் தயங்கிய உடல்களை, இந்துவானால் எரித்தும் கிறிஸ்தவரானால் புதைத்தும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

நோயாளியை எப்படிப் பார்ப்பது என்பதில் நம்மிடம் ஒரு பழைய பாடம் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி கிடையாது. அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போவதும் கிடையாது. நோயாளிக்கு வேப்பிலை பரப்பிய பாய், இளநீர், பக்கத்தில் இருந்து வேப்பங்கொத்தால் தடவிவிட ஒரு கை. மூன்று தண்ணீர் ஊற்றியபிறகுதான் வெளியே. தனிமைப்படுத்தல் என்று இன்று சொல்வதன் விதிகள் பெரும்பாலும் அங்கே இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: படுத்திருப்பவர் உடம்பில் வந்திருப்பவள் மாரியம்மன். ஆகவே அவர் குற்றவாளி அல்ல, மரியாதைக்குரியவர்.

இதைப் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். அம்மனின் கோபத்துக்கு அஞ்சி ஊசியை மறுத்தவர்கள் இருந்தார்கள், பிள்ளைகளை இழந்தார்கள். உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அது மருத்துவத்தின் வெற்றி. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. பிளேக் போனது அந்தக் கோயில்களால் அல்ல. ஆனாலும் வேப்பிலை செருகிய வாசலையும் 2020-இல் தொற்று வந்த வீட்டுக்குத் தகரம் அடித்த வாசலையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மாநகராட்சி ஊழியர் வந்து ஒட்டிய அறிவிப்பைத் தெருவே படம்பிடித்துப் பகிர்ந்தது. அந்த வீட்டுக்குப் பால் போடுவதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது. விதி ஒன்றேதான்: உள்ளே வராதே. வேப்பிலை அதை வணக்கத்தோடு சொன்னது, தகரம் வெறுப்போடு சொன்னது.

அந்த வெறுப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2020 ஏப்ரல் 19 இரவு சென்னை பார்த்தது. கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கும்பல் தாக்கியது. கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்களுக்கு ரத்தக் காயம். குடும்பத்தார் உயிருக்குப் பயந்து விலக நேர்ந்தது. நள்ளிரவில் இறந்தவரின் சக மருத்துவர் ஒருவரே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு வேலங்காடு இடுகாட்டுக்குப் போனார். மருத்துவமனை ஊழியர்கள் இருவரோடு சேர்ந்து மண்வெட்டியால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். புதைத்த உடலிலிருந்து இந்த வைரஸ் தெருவுக்கு வந்து தொற்றாது என்று மருத்துவர்கள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் தமிழக அரசு, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் இதே பாதகத்தைக் கும்பல் செய்யவில்லை, அரசாங்கமே செய்தது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் சட்டமாக்கினார்கள். உடலை எரிப்பது இஸ்லாமியருக்கு விலக்கப்பட்டது. பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையின் உடலையும் டிசம்பரில் எரித்தார்கள். அதன்பின் கொழும்பு பொரளை மயானத்தின் கம்பிக் கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள்; கட்டியவர்களில் பல மதத்தாரும் உண்டு. 2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை விலக்கப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டது. சாம்பலாகிப்போன உடல்களுக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

அஞ்சியும் அறத்தில் நின்றவர்களுக்கும் பஞ்சமில்லை. 1897-இல் புணேயில் பிளேக் பரவியபோது சாவித்ரிபாய் பூலே, தம் மகன் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு நோயாளிகளைக் கொண்டுசேர்த்து, நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் குடியிருப்பில் நுரையீரல் பிளேக் புகுந்தபோது காந்தி, ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்துத் திறந்த தோழர்களோடு சேர்ந்து இருபத்துமூன்று நோயாளிகளுக்கு இரவு முழுக்கப் பணிவிடை செய்தார். அந்தக் குடியிருப்பின் சுகாதாரக் கேட்டுக்கு நகராட்சியின் அலட்சியமே காரணம் என்று பத்திரிகையிலும் எழுதினார். பணிவிடையும் தட்டிக்கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள்.

2020 மே 4 அன்று மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தது. ஊர் அதை இணையத்தில் பார்த்தது. பெண்கள் அவரவர் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். கள்ளழகர் அந்த ஆண்டு வைகையில் இறங்கவில்லை. பக்தி அதனால் குறைந்துபோகவில்லை; நோய் பரவவும் அது வழிவிடவில்லை. கோயிலை மூடியது நம்பிக்கையின் தோல்வியா என்ற கேள்விக்கு மதுரைப் பெண்கள் அன்றே பதில் சொல்லிவிட்டார்கள். தோல்வி நடந்தது நடை சாத்திய கோயிலில் அல்ல, அடைத்துக்கொண்ட இடுகாட்டு வாசலில்.

இன்னொரு கொள்ளைநோய் வரும் என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமில்லை. எப்போது என்பதுதான் தெரியாது. அதற்குள் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. அடுத்த திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போடும்போது, பள்ளிவாசல் ஜமாஅத் கூடும்போது, பங்குப் பேரவை உட்காரும்போது, மூன்று கேள்விகளைப் பேசி முடிவெடுத்து ஏட்டில் எழுதிவையுங்கள்: நோயில் இறந்தவருக்கு நம் மயானத்தில் இடம் உண்டா, தனித்திருக்கும் முதியவர்களுக்குச் சோறு கொண்டுபோவது யார், ஒரு வீட்டாரை ஊரே பழிக்கத் தொடங்கினால் எழுந்து நின்று கேட்பது யார்? பயம் வந்தபிறகு இதைப் பேச முடியாது. பயமில்லாத இந்த நாட்களிலேயே பேசிவிடுங்கள்.